கூண்டுக்கு வந்த கிளி!
ஜப்பானின் கோர்ட்டு விளையாட்டு, டெலிவிஷன் தொடராக மாறிய கதை

"ஆட்சேபணை!"

மேஜையை ஓங்கி அறைகிறார், இளம் வக்கீல். நீல நிறக் கோட்டு. முள்ளம்பன்றியின் முள் போலப் பின்பக்கமாகச் சிலிர்த்து நிற்கும் தலைமுடி. கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் சாட்சியைச் சுட்டுகிறார். அதுவரை அலட்சியமாகப் பேசிக்கொண்டிருந்த சாட்சிக்கு முகம் வெளுக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது.

ஜப்பானில் இந்தக் காட்சியை அறியாத வாலிபர்கள் குறைவு. "கியாகுதென் சைபன்" என்ற வீடியோ விளையாட்டில் வரும் காட்சி இது. "கியாகுதென்" என்றால் தலைகீழாகப் புரட்டுவது. "சைபன்" என்றால் வழக்கு விசாரணை. தோற்றுப்போகும் நிலையில் உள்ள வழக்கைக் கடைசி நிமிடத்தில் புரட்டிப்போடுவதுதான் விளையாட்டு. வெளிநாடுகளில் "ஏஸ் அட்டார்னி" என்ற பெயரில் விற்பனையானது.

பிறகு இது டெலிவிஷன் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. ஜப்பானியர்கள் இத்தகைய தொடர்களை "அனிமே" என்கிறார்கள்.

விளையாட்டில் வக்கீலாக வாதாடுவது நாம். டெலிவிஷனில் வாதாடுவது வேறொருவர். நாம் நாற்காலியில் சாய்ந்து பார்க்க வேண்டியதுதான். அப்படி மாறும்போது சுவை குறைகிறதா, கூடுகிறதா? ரசிகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

7 பேர், 10 மாதம்

விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் கேப்காம். ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்தது. கதை, வசனம், டைரக்ஷன் மூன்றும் ஷூ டக்குமி என்பவருடையவை. துப்பறியும் கதை என்றால் அவருக்கு உயிர்.

7 பேர் கொண்ட சிறு குழு, சுமார் 10 மாதங்களில் இதைச் செய்து முடித்தது. கையடக்கமான "கேம் பாய் அட்வான்ஸ்" கருவியில் விளையாடுவதற்காக, 2001 அக்டோபர் 12-ந் தேதி விற்பனைக்கு வந்தது. 2-வது பாகம் 2002-லும், 3-வது பாகம் 2004-லும் வெளியாயின.

குழுவில் வேலை செய்தவர்களே குரலும் கொடுத்தார்கள். கதாநாயகன் "ஆட்சேபணை!" என்று கத்தும் குரல், டக்குமியின் சொந்தக் குரல். எதிர்த்தரப்பு அரசு வக்கீலின் குரல், படம் வரைந்த ஓவியருடையது. மூத்த அரசு வக்கீல் ஒருவருக்கு, இசை அமைத்தவரே குரல் தந்தார். ஆனால் பேச்சு முழுவதும் குரலில் வராது. இப்படிச் சில கூச்சல்கள் மட்டுமே. மற்றதெல்லாம் திரையில் ஓடும் எழுத்து.

விளையாடுவது எப்படி?

துப்பாக்கிச் சண்டை இல்லை. கார்ப் பந்தயம் இல்லை. படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் விசாரணை. கொலை நடந்த இடத்துக்குப் போகலாம். அலமாரியைத் திறக்கலாம். அக்கம்பக்கத்தாரிடம் பேச்சுக் கொடுக்கலாம். கிடைக்கும் பொருள்கள், பிரேத பரிசோதனை அறிக்கை, போட்டோ எல்லாம் ஒரு பட்டியலில் சேரும்.

அடுத்தது கோர்ட்டு. சாட்சி சொல்வது ஒவ்வொரு வாக்கியமாகத் திரையில் வரும். சந்தேகம் எழுந்தால் "பொறுங்கள்!" என்று மடக்கிக் கேட்கலாம். வாக்கியம் பொய் என்று தெரிந்தால், அதற்கு முரணான பொருளைப் பட்டியலில் தேடி எடுத்து, "ஆட்சேபணை!" என்று நீட்ட வேண்டும்.

தவறான பொருளை நீட்டினால் நீதிபதி கோபிப்பார். முதல் பாகத்தில் 4 முறைதான் மன்னிப்பு. அதற்கு மேல் தவறினால் "குற்றவாளி" என்று தீர்ப்பு. நம்மை நம்பிய கட்சிக்காரர் ஜெயிலுக்குப் போவார். அந்தப் பயம்தான் விளையாட்டின் உயிர்.

காட்டிக் கொடுத்த கடிகாரம்

முதல் வழக்கை உதாரணமாகச் சொல்லலாம். அதில் கொலையாளி யார் என்பது ஆரம்பத்திலேயே காட்டப்பட்டு விடுகிறது. எனவே இங்கே சொல்வதால் ரகசியம் எதுவும் கெட்டுவிடாது.

கதாநாயகன் பெயர் நருஹோதோ. ஜப்பானிய மொழியில் "ஓகோ, அப்படியா!" என்று சொல்கிறோமே, அதற்கு "நருஹோதோ" என்பார்கள். எதையும் கேட்டு வியக்கும் வக்கீலுக்குப் பொருத்தமான பெயர். அவருடைய பள்ளிக்கூடத் தோழன் யஹாரி. "யஹாரி" என்றால் "நினைத்தபடியேதான்" என்று பொருள். எங்கே வம்பு நடந்தாலும் இந்த ஆள் சம்பந்தப்பட்டிருப்பான் என்பது நண்பர்களின் கேலி.

யஹாரியின் காதலி கொலை செய்யப்பட்டாள். பழி அவன் மேல் விழுந்தது. சாட்சி, யமனோ என்ற ஆசாமி. வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்தித்தாளுக்குச் சந்தா பிடிப்பது அவர் தொழில். பிணத்தைப் பார்த்ததாக அவர் சொல்லும் நேரமும், பிரேத பரிசோதனை சொல்லும் நேரமும் பொருந்தவில்லை. டெலிவிஷன் சத்தத்தை வைத்து நேரத்தைத் தெரிந்துகொண்டேன் என்கிறார். அந்த நேரத்தில் மின்சாரமே இல்லை என்று நிரூபணமாகிறது. உடனே, கடிகாரத்தில் நேரம் கேட்டேன் என்று மாற்றுகிறார்.

அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். அந்த அறையில் இருந்த கடிகாரம், பார்த்தால் சிலை போலத்தான் இருக்கும். வாய்விட்டு நேரம் சொல்லும்போதுதான் அது கடிகாரம் என்று தெரியும். கொலை செய்யப் பயன்பட்ட ஆயுதமும் அதுவே. அப்படியானால் அவர் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும். கடிகாரம் ஏன் தவறான நேரம் சொன்னது? கொலையான பெண் வெளிநாட்டுப் பயணம் முடித்து, முந்திய நாள்தான் திரும்பியிருந்தாள். கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு அவள் மாற்றவில்லை!

விளையாடுகிறவர், இந்த முடிச்சை ஒவ்வொன்றாகத் தாமே அவிழ்க்க வேண்டும். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்ட வேண்டியது அவர்தான். கடைசியில் யமனோ ஆத்திரம் தாங்காமல், தலையில் இருந்த டோப்பாவைப் பிடுங்கி வக்கீல் மீது வீசுவார். அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம், சொந்தமாகச் சம்பாதித்த சந்தோஷம்.

நாடகம், சினிமா, டெலிவிஷன்

விளையாட்டு வெற்றி பெற்றதும் மற்ற கலைகளும் அதைத் தேடி வந்தன. 2009-ல், பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற டக்காரசுகா குழு, இசை நாடகமாக மேடையேற்றியது. 2012-ல் டக்காஷி மிய்க்கே டைரக்ஷனில் சினிமா வந்தது. 2¼ மணி நேரப் படம். முதல் பாகத்தின் கதையை அதற்குள் அடக்க வேண்டியிருந்தது.

கார்ட்டூன் தொடர் 2016 ஏப்ரல் 2-ந் தேதி தொடங்கியது. ஏ-1 பிக்சர்ஸ் தயாரிப்பு. டைரக்ஷன், அயுமு வாட்டனாபே. சனிக்கிழமை மாலை 5.30 மணிக்கு ஒளிபரப்பானது. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து உட்காரும் நேரம். செப்டம்பர் 24 வரை 24 பகுதிகள் ஓடின. விளையாட்டின் முதல் 2 பாகங்கள் இதில் அடங்கின.

2018 அக்டோபர் 6 முதல் 2019 மார்ச் 30 வரை இரண்டாவது தொடர் வந்தது. குளோவர்வொர்க்ஸ் தயாரித்த இதில் 23 பகுதிகள். 3-வது பாகத்தின் கதை இதில் இடம் பெற்றது.

ஓட்டமோ ஓட்டம்

கதையை மாற்றிக் கெடுத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வழக்குகள் அப்படியே இருக்கின்றன. சாட்சிகளின் பொய்யும் அப்படியே. உடை, தலைமுடி, விரல் நீட்டும் விதம்கூட மாறவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் வழக்கு முழுவதையும் ஒரே பகுதியில், அரை மணி நேரத்துக்குள் முடித்து விட்டார்கள். மின்சாரம் இல்லை என்பதும், கடிகாரம் பேசும் என்பதும், வெளிநாட்டு நேரம் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. "அட, இதில் ஏதோ இடிக்கிறதே" என்று பார்ப்பவர் நினைப்பதற்கு முன்பே, நருஹோதோ விரலை நீட்டி விடுகிறார். விடுகதை போட்டவரே மூச்சு விடாமல் விடையையும் சொல்வது போல் இருக்கிறது.

விளையாட்டில் பொய்யைக் கண்டுபிடிக்கும் தருணத்துக்கு முன் இசை சட்டென்று நின்று போகும். ஒரே நிசப்தம். பிறகு, துரத்திப் பிடிக்கும் வேகமான இசை எழும். அந்த நிசப்தத்துக்கு மதிப்பு வருவது, அதற்கு முன் அரை மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததால்தான். டெலிவிஷனில் குடைச்சல் இல்லை. ஆகவே நிசப்தமும் உறைக்கவில்லை.

படங்களைப் பற்றியும் குறை சொன்னார்கள். முதல் தொடரின் ஆரம்பப் பகுதிகளில் உருவங்கள் விறைப்பாக நிற்கின்றன. விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சில பாவனைகள்தான். மேஜையை அறைவது, தலையைச் சொறிவது, விரலை நீட்டுவது என்று அவையே மாறி மாறி வரும். சின்னத் திரையில், எழுத்தைப் படித்துக்கொண்டே பார்க்கும்போது அது போதும். அதே பாவனைகளைத் தொடரிலும் வைத்தபோது, பொம்மலாட்டம் போல ஆகி விட்டது.

இன்னொரு நஷ்டம், வெட்டிப் பேச்சு. விளையாட்டில் மூலையில் சாத்தியிருக்கும் ஏணியைத் தொட்டால் போதும். இது சாய்ப்பு ஏணியா, மடக்கு ஏணியா என்று நருஹோதோவும், உதவிக்கு வரும் மயோய் என்ற பெண்ணும் சண்டை போடுவார்கள். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த இருவரும் நமக்கு வேண்டியவர்களாக ஆவது இப்படிப்பட்ட பேச்சில்தான். அரை மணி நேரக் கணக்குக்குள் ஓடும் தொடரில் அதற்கு இடம் குறைவு.

கிளியிடம் குறுக்கு விசாரணை

தொடர் வெற்றி பெறும் இடங்களும் உண்டு. முதல் பாகத்தின் 4-வது வழக்கு அப்படிப்பட்டது.

அதுவரை எதிர்த்தரப்பில் நின்று நருஹோதோவைத் திணறடித்த அரசு வக்கீல் மிட்சுருகியே, கொலைக் குற்றவாளியாகக் கைதாகிறார். அவருக்காக வாதாட யாரும் முன்வரவில்லை. நருஹோதோ போகிறார். எதிரே நிற்பவர் கருமா. 40 ஆண்டுகளாக ஒரு வழக்கிலும் தோற்காத அரசு வக்கீல்.

எல்லாக் கதவுகளும் அடைபட்ட நிலையில், நருஹோதோ ஒரு கிளியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்! கோர்ட்டே சிரிக்கிறது. சிரிப்பும் பதற்றமும் ஒன்றாகக் கலந்த இந்த இடத்தை, வேகமான தொடரும் கெடுத்துவிட முடியவில்லை.

இந்த வழக்கின் வேர், 15 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொலை. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி, 15 ஆண்டுகள் கடந்து விட்டால் கொலையாளி மீது வழக்குப் போட முடியாது. அந்தக் கெடு முடியச் சில நாள்களே இருக்கும்போது கதை நடக்கிறது. 2005-ல் அந்தக் கெடு 25 ஆண்டுகளாக உயர்ந்தது. 2010-ல் கொலைக்குக் கெடுவே கிடையாது என்று சட்டம் மாறியது. தொடர் வந்தது 2016-ல். என்றாலும் பழைய கெடுவைத் தொடர் விடவில்லை. அதை எடுத்து விட்டால் கதையே நிற்காது.

பள்ளிக்கூட விசாரணை

நருஹோதோ ஏன் வக்கீல் ஆனார்? இதற்கான பதில்தான் கதை முழுவதையும் தாங்கி நிற்கிறது.

அவர் 4-வது வகுப்பில் படித்தபோது, ஒரு மாணவனின் பணம் காணாமல் போயிற்று. அன்று வகுப்பில் தனியாக இருந்தவன் நருஹோதோ. வகுப்பே கூடி அவனை விசாரித்தது. நீதான் திருடன், மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆசிரியரும் அதே பக்கம். எடுக்கவில்லை என்று சொல்லியும் நம்புவார் இல்லை. இத்தனை பேர் சொல்கிறார்களே, நாம்தான் தப்போ என்று அந்தப் பையனுக்கே தோன்றிவிடுகிறது.

அப்போது ஒருவன் எழுந்து, "சாட்சியம் எங்கே?" என்று கேட்டான். அவன்தான் பணத்தைப் பறிகொடுத்தவன், பெயர் மிட்சுருகி. கூடவே யஹாரியும் எழுந்தான். விசாரணை கலைந்தது. மூவரும் நண்பர்கள் ஆனார்கள்.

பிறகு மிட்சுருகி ஊரை விட்டுப் போனார். எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதே குறி என்ற அரசு வக்கீலாக மாறினார். கடிதம் போட்டும் பதில் இல்லை. கோர்ட்டில்தான் அவரைச் சந்திக்க முடியும் என்று, நருஹோதோ சட்டம் படித்தார்.

விளையாட்டில் இந்தச் சம்பவம் சில பக்க எழுத்தில் முடிந்துவிடும். தொடர் அதோடு விடவில்லை. மூவரும் சிறுவர்களாக இருந்த காலத்தை வைத்து, விளையாட்டில் இல்லாத ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார்கள். வழக்கு ஓட்டத்தில் இழந்ததை நட்பில் ஈடு கட்டினார்கள். யூக்கி காஜியின் குரலில் நருஹோதோ நண்பனுக்காகத் தொண்டை கிழியக் கத்தும்போது, எழுத்தில் படித்ததைவிட அழுத்தமாகப் பதிகிறது.

பொத்தானை அழுத்துவது யார்?

2-வது பாகத்தின் கடைசி வழக்கு, விளையாட்டுக்கும் தொடருக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாகக் காட்டும்.

மயோயைக் கூலிக் கொலைகாரன் ஒருவன் கடத்திக்கொண்டு போகிறான். நான் சொல்லும் ஆளை விடுதலை செய்து காட்டு, இல்லாவிட்டால் அவள் உயிர் போகும் என்கிறான். வாதாடிக்கொண்டிருக்கும்போதே நருஹோதோவுக்குச் சந்தேகம் வருகிறது. தன் கட்சிக்காரர் உண்மையில் நிரபராதிதானா?

இறுதிக் கட்டத்தில் விளையாட்டு நிற்கிறது. திரையில் இரண்டு பொத்தான்கள். "குற்றவாளி" என்பதா, "நிரபராதி" என்பதா? எதை அழுத்தினாலும் கதை ஒரே பாதையில்தான் போகும். ஆனால் அழுத்துகிறவருக்கு அது தெரியாது. அந்த ஒரு நிமிடம், வக்கீலின் பாரம் முழுவதும் அவர் விரலில் இருக்கிறது.

தொடரில் அந்தப் பாரம் நருஹோதோவுடையது. நாம் அவருக்காகப் பரிதாபப்படுகிறோம். பரிதாபப்படுவது வேறு; பாரத்தைச் சுமப்பது வேறு.

வேடிக்கை மட்டும் அல்ல

நிஜக் கோர்ட்டு இப்படி இருக்காது என்பது ஜப்பானியர்களுக்கும் தெரியும். அங்கே நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை, கதையில் தட்டுகிறார். 3 நாளில் கொலை வழக்கு முடிந்து விடுவதில்லை; கதையில் முடிகிறது. நருஹோதோ எல்லாரிடமும் பெருமையாகக் காட்டும் வக்கீல் சின்னம் மட்டும் நிஜத்தில் உள்ளது: சூரியகாந்திப் பூவும், நடுவில் தராசும்.

ஆனால் கதையின் அடியில் இருக்கும் பயம் நிஜமானது. ஜப்பானில் வழக்குப் பதிவாகிக் கோர்ட்டுக்கு வந்து விட்டால், 100-க்கு 99-க்கு மேல் தண்டனைதான். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நிற்கும்போதே, பாதித் தீர்ப்பு எழுதியாயிற்று என்று ஜனங்கள் நினைக்கிறார்கள்.

இவாவோ ஹக்கமாடாவின் வழக்கு இதற்குச் சாட்சி. அவர் முன்னாள் குத்துச்சண்டை வீரர். ஷிசுவோக்கா மாநிலத்தில், சோயாவில் இருந்து "மிசோ" என்ற பக்குவம் தயாரிக்கும் கம்பெனியில் தொழிலாளி. 1966-ல் கம்பெனி நிர்வாகியின் குடும்பத்தில் 4 பேர் கொலையானார்கள். ஹக்கமாடா கைதானார். நாள்கணக்கில் நடந்த போலீஸ் விசாரணைக்குப் பின் குற்றத்தை ஒப்புக்கொண்டார், கோர்ட்டில் மறுத்தார். 1968-ல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவருக்கு எதிரான முக்கிய சாட்சியம், ரத்தக் கறை படிந்த உடைகள். கொலை நடந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, மிசோ தொட்டிக்குள் இருந்து எடுக்கப்பட்டவை. கறை சிவப்பாக இருந்தது. ஓராண்டு மிசோவில் ஊறிய ரத்தம் எப்படிச் சிவப்பாக இருக்கும்? கறுத்துப் போயிருக்க வேண்டுமே? இதுதான் வக்கீல்கள் எழுப்பிய கேள்வி.

2014-ல் மறுவிசாரணைக்கு உத்தரவாகி, சிறையில் இருந்து வெளியே வந்தார். 2024 செப்டம்பர் 26-ந் தேதி ஷிசுவோக்கா கோர்ட்டு அவரை நிரபராதி என்று விடுதலை செய்தது. அந்த உடைகள் விசாரணை அதிகாரிகளால் ஜோடிக்கப்பட்டவை என்றும் சொன்னது. அப்போது அவருக்கு வயது 88. அத்தனை ஆண்டுகளும் அவர் பக்கம் நின்று போராடியவர், அவருடைய அக்காள்.

சாட்சியத்தில் இடிக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்து, அதை விடாமல் கேட்பதுதான் நருஹோதோவின் வேலை. கதையில் அதற்கு 3 நாள் ஆகிறது. ஹக்கமாடாவுக்கு 58 ஆண்டுகள் ஆயின.

எதை முதலில் பார்ப்பது?

நேரம் இருப்பவர்கள் விளையாட்டில் தொடங்குவதே நல்லது. 3 பாகங்களும் ஒன்றாகச் சேர்ந்து 2019-ல் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டன. செல்போனிலும் விளையாடலாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் போதும். விரல் வேகம் தேவையில்லை. ஆனால் ஆங்கிலப் பதிப்பில் பெயர்கள் மாறியிருக்கும். நருஹோதோ அங்கே பீனிக்ஸ் ரைட்.

விளையாடி முடித்தவர்கள் தொடரைப் பார்த்தால், பழகிய நண்பர்கள் பேசி நடமாடுவதைக் காணும் மகிழ்ச்சி கிடைக்கும். வேகம் அவர்களுக்குக் குறையாகத் தெரியாது. முடிச்சை ஏற்கனவே அவிழ்த்தவர்கள் அல்லவா?

தொடரை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. சாட்சி பேசி முடித்ததும் படத்தை நிறுத்தி விடுங்கள். அவர் சொன்னதில் எது இடிக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். விடை கிடைத்த பிறகு ஓட விடுங்கள். டெலிவிஷன் எடுத்துக்கொண்டு போன பாதி சுவை, அப்போது திரும்பி வந்து விடும்.